வாயில்லா நோயாளி

மனிதனோடு கூடி வாழும் பிராணிகளுள் நன்றியுடைமையிற் சிறந்தது நாய் என்பதை யாவரும் அறிவர். யான் இங்கு எழுதப் புகுந்தது அதன் நன்றியைக் குறித்தன்று. அதற்கு நாம் செலுத்தவேண்டிய கடனைக் குறித்தேயாம். அக்கடன்களுள்ளும் மிகக் கடினமானது, அது நோயுற்ற காலத்தில் அதற்காக நாம் முடிவு செய்வது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன் என்பன அவை. மனிதனுக்கு வரும் நோயில், நோயாளி வாய்திறந்து தன் வருத்தத்தைச் சொல்லுவான். வேண்டாத மருந்தை வேண்டாவென்று மறுப்பான். நாய்க்கு வரும் நோயிலோ நோயாளிக்குப் பேச்சில்லை. ஆகவே அதன் பாரமும் அருகிருப்பவன் தலையிலேயே ஏறுகின்றது. அப்பாரத்தை எங்கள் வீட்டில் நாங்கள் சுமந்த விதத்தையும், அதில் யான் செய்த பிழையையும் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் தாமிரபரணியை அடுத்த ஒரு சிற்றூர். வீட்டின் பின்புறம் மாட்டுத் தொழுவும் ஒரு வேப்பமரமும் உண்டு. அத்தொழுவின் காவலாய் இருப்பவள் செவலை. சிப்பிப்பாறை இனத் தாய்க்கும் ஊர் நாய்க்கும் பிறந்தவள். நிறத்தால் அப்பெயர் பெற்றாள். யான் பள்ளியிற் படித்த காலத்தில் என் மாமா ஒரு கூடையில் வைத்து அவளைக் கொண்டுவந்து தந்தார். என் உடைமை என்று பெயரேயொழிய, அவளுக்குச் சோறு வைத்தவளும் அவளை வளர்த்தவளும் என் தாயே.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதம், யான் இக்கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு மாணவனாய் விடுதியில் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை அம்மா தொலைபேசியில் அழைத்து, "செவலைக்கு மூக்கிலிருந்து இரத்தம் வருகிறது" என்றாள். மறுநாட் காலை ஊர் சென்று பார்த்தேன். அவள் வயிற்றின் தோலில் ஊசிமுனையளவான செம்புள்ளிகள் எண்ணிறந்தன இருந்தன, ஈறுகளிலும் அவ்வாறே. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். நல்ல நிலையிலுள்ள நாயின் இரத்தத்தில், ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய 2 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். இரத்தம் உறைதற்கு இன்றியமையாதவை அவை. செவலைக்கு இருந்தவை 9,000.

உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்னும் கிருமிகள் உண்டோ என்று முதலிற் சோதித்தார்கள், அவை காணப்படவில்லை. பின்னரே மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். உடலைக் காக்கவேண்டிய சக்தி, உடலின் சொந்தத் தட்டணுக்களையே பகையென்று கருதி அழிக்கும் நோய் அது. "இரவுக் காவலாளி வீட்டுக்காரரையே திருடரென்று அடித்தால் எப்படியோ, அப்படி" என்று அவர் அம்மாவுக்கு விளக்கினார். அக்காவலாளியின் கையைக் கட்டுவதற்காகப் பிரெட்னிசலோன் என்னும் மருந்து தொடங்கப்பட்டது. செவலையின் எடை 15 கிலோ. கிலோவுக்கு 2 மில்லிகிராமாக நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். தாகமும் பசியும் மிகுந்து, இரவில் நான்கு முறை வெளியே செல்ல எழுப்புவாள், வயிறு தொங்கிற்று, தோல் மெலிந்தது. ஆயினும் மூன்றாம் வாரத்தில் தட்டணுக்கள் 2 இலட்சத்தைத் தாண்டின. அதன்பின் மாதக்கணக்கில் மருந்தைப் படிப்படியாய்க் குறைத்துக்கொண்டு வந்தோம்.

நிற்க. நோய் தணிந்தபோதுதான் எங்கள் வீட்டில் வேறொரு கேள்வி எழுந்தது. செவலை நோய்ப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், உண்ணி வராதிருக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையை அம்மா இட்லித் துண்டில் பொதிந்து கொடுத்திருந்தாள். "என் கையாலேதானே கொடுத்தேன்!" என்பதே அவள் ஓயாது சொல்லும் சொல்லாயிற்று. அம்மாத்திரையால் இந்நோய் வந்ததென்று மருத்துவர் சொல்லவில்லை. வரவில்லையென்று சத்தியம் செய்யவும் அவர் உடன்படவில்லை. முன்னே நடந்தது பின்னே நடந்ததற்குக் காரணமாயிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். மாதந்தோறும் ஒரு மருந்து கொடுக்கப்படும் வீட்டில், எந்த நோய் எப்பொழுது வந்தாலும் அது ஒரு மாத்திரை கொடுத்த சில வாரங்களுக்குள்ளேதானே வரும்!

இந்நிலையில் யான் என் கல்வியை வீட்டார்க்குக் காட்ட எண்ணினேன். அம்மாத்திரை ஐசாக்சசோலின் என்னும் வகுப்பைச் சேர்ந்தது. பூச்சிகளுக்கும் உண்ணிகளுக்கும் நரம்பை அமைதிப்படுத்தும் குளோரைடு வாயில்களை அது அடைக்கின்றது; நரம்பு அடங்காமற் கொதித்து உண்ணி மடிகின்றது. நாயின் நரம்பில் அது அவ்வளவாய்ப் பற்றுவதில்லை; எனினும் சில நாய்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் உண்டாவதாக அறிக்கைகள் வந்தமையால், 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தார் ஓர் எச்சரிக்கை வெளியிட்டனர். இதனை யான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ்வெச்சரிக்கையிலேயே, பெரும்பாலான நாய்களுக்கு இம்மருந்துகள் தீங்கின்றிப் பயன்படுவன என்று எழுதியிருந்த பகுதியை வாசிக்கவில்லை. அதில் சொல்லப்பட்டது நரம்பைப் பற்றியது; தட்டணுக்களைப் பற்றியதன்று என்பதையும் எடுத்துச் சொல்லவில்லை. அச்சமுற்றிருந்த தாய்க்கு அவள் அச்சத்தையே அச்சிட்ட எழுத்தில் திருப்பிக் கொடுத்தேன். பாதி வாசித்த கல்வி எத்தகைய கேடு செய்யும் என்பதை யான் அறிந்தது பின்னர்.

முடிவில் ஒரு மருந்தும் வேண்டாவென்று தீர்மானித்தோம். தாத்தா வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்; தடவினோம். அண்டை வீட்டார் ஒருவர் புகையிலைக் கஷாயமும் மண்ணெண்ணெயும் சொன்னார். நாய் தன் உடலை நக்கும், அவை இரண்டும் அதற்கு விஷமாகும் என்று அறிந்து அவற்றை மட்டும் மறுத்தோம். மருந்தை நிறுத்தியதால் செவலையைக் காத்துவிட்டோம் என்று எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, செவலை வாலாட்டிக்கொண்டு வந்தாள், ஆனால் ஓடிவரவில்லை. அன்றிரவு விளக்கொளியில் அவள் காதுமடலை மடித்துப் பார்த்தேன். உள்ளே ஆமணக்கு வித்தைப்போல் உப்பிய உண்ணிகள் மூன்று; கால்விரல்களின் இடுக்கில் மேலும் பல. தொழுவிற்குச் சென்று சுவர் வெடிப்பில் விளக்கைக் காட்டினேன். சுவர் அசைவதுபோல் இருந்தது.

வகுப்பிற் படித்ததெல்லாம் அப்பொழுது நினைவிற்கு வந்தது. நம் நாட்டு வீடுகளில் காணப்படும் பழுப்பு நாயுண்ணி, ரைபிசெபாலஸ் சாங்குயினியஸ் எனப்படுவது, தன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கும். ஆறுகாற் குஞ்சாய் ஒருமுறை, எட்டுக்கால் இளம்பருவத்தில் ஒருமுறை, முதிர்ந்தபின் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் நாயைவிட்டு இறங்கிச் சுவரிலும் தரையிலும் ஒளிந்துகொள்ளும். வயிறு நிரம்பிய ஒரு பெண்ணுண்ணி 4,000 வரை முட்டையிடக் கூடும். ஆகவே நாயின்மேற் காண்பவை சில. சுவரில் இருப்பவையே பல.

மறுநாள் தட்டணுக்கள் 38,000 என்று வந்தது. பங்குனியில் காணப்படாத எர்லிக்கியாக் கிருமியின் மரபுப்பொருள் இம்முறை இரத்தத்திற் காணப்பட்டது. அக்கிருமி புதியதன்று. 1935இல் அல்ஜீரியாவில் நாய்களிடத்து முதன்முதல் விவரிக்கப்பட்டது. 1960களின் இறுதியில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையோடு சென்ற நாய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை மூக்கில் இரத்தம் ஒழுகி இறந்ததும் இதனாலேயே. வெள்ளணுக்களுள் புகுந்து வாழும் இக்கிருமி, தட்டணுக்களைத் தானே குறைக்கும். அன்றியும், உடற்காவலைத் தட்டணுக்களுக்கு எதிராய்த் தூண்டியும் விடும். எந்த நோய்க்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தினோமோ, அந்நோயையே எழுப்பவல்ல ஒன்றை, மாத்திரையை நிறுத்தியதனால் வீட்டிற்குள் அழைத்திருந்தோம்.

அன்றியும் ஒரு தர்மசங்கடம். பழைய நோய்க்கு உடற்காவலை அடக்கவேண்டும். புதிய கிருமியை வெல்ல அதே காவல் வேண்டும். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் 28 நாட்களுக்கு எழுதிக் கொடுத்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, பிரெட்னிசலோனைக் கூட்டாமலும் திடீரென நிறுத்தாமலும் கயிற்றின்மேல் நடப்பவர்போல் நடத்திச் சென்றார். செவலை தை மாத நடுவில் எழுந்து தொழுவைச் சுற்றி வந்தாள்.

அந்நாட்களில் ஒருமுறை, மருத்துவமனைத் திண்ணையில் காத்திருக்கையில், அம்மா மறுபடியும் இட்லித் துண்டின் கதையைச் சொல்லிக் கண் கலங்கினாள். மருத்துவர் என்னை நோக்கி, "தம்பி, மருந்து கொடுத்தபின் வந்த கேட்டை நாம் ஒருநாளும் மறப்பதில்லை, மருந்து கொடாமல் வந்த கேட்டையோ விதியென்று சொல்லிவிடுகிறோம். தராசின் இரண்டு தட்டையும் பார்க்கவேண்டாமா?" என்றார். அம்மாவை நோக்கி, "உங்கள் கையிற் குற்றமில்லை, அம்மா" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் கூறியது எனக்கு உரியது என்பதை யான் உணர்ந்தேன். மாத்திரை கொடுத்தவள் ஒன்பது மாதம் வருந்தினாள். அதை நிறுத்தச் சொன்னவன் ஒருநாளும் வருந்தவில்லை.

பின்னர் நாங்கள் மூவரும் அமர்ந்து, இம்முறை உண்மையாகவே நிறுத்துப் பார்த்தோம். இத்தகைய நோயுள்ள நாயை வளர்ப்பார்க்குப் பயன்படக்கூடும் என்பதால், அவர் நடத்திய முறையை இங்கு எழுதுகின்றேன்.

முதலாவது, அந்த ஊரில் அந்த நாய்க்கு மெய்யாக வரக்கூடிய ஒட்டுண்ணி எது என்பதைப் பார்த்தார். எங்கட்கு முதற்பகை உண்ணி. எர்லிக்கியா மட்டுமன்று, பபீசியா கிப்சோனி என்னும் இரத்தக் கிருமி, உடல் தன் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் நோய்க்குக் காரணமாதலுக்கு வலிய சான்று உண்டென்று 2019இல் அமெரிக்க விலங்கு உள்மருத்துவக் கல்லூரியார் வெளியிட்ட ஆய்வுரை கூறுகின்றது. குடற்புழுக்களுள் கொக்கிப்புழு இரத்தம் குடிப்பது. மனிதர் காலிலும் புகுவது. அதற்கு மாதந்தோறும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடாமல், குறித்த காலத்தில் மலத்தைச் சோதித்து, இருந்தாற் கொடுப்பது என்று முடிவாயிற்று. இல்லாத பகைக்கு மருந்து கொடுத்தல் நோயுள்ள உடலுக்கு வீண் சுமையே.

இரண்டாவது, மருந்தை மட்டும் பாராமல் அதைப் பெறும் உடலையும் பார்த்தார். ஐவர்மெக்டின் என்னும் மருந்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து, வில்லியம் காம்பெல் முதலியோர் ஆக்கிய மருந்து அது. எண்ணற்ற மனிதரை ஆற்றுக் குருட்டு நோயினின்றும் காத்தமையால் அவ்விருவரும் 2015இல் நோபெல் பரிசு பெற்றனர். அதே மருந்து அளவு மிகுந்தால், ஒரு மரபுக் குறையுள்ள காலி இன நாய்களின் மூளைக்குள் நுழைந்து அவற்றைக் கொல்லக் கூடும். ஒருவர்க்கு அமுதமானது மற்றொருவர்க்கு நஞ்சாதற்கு உடலின் வேற்றுமையே காரணம். செவலைக்கு வலிப்பு வந்ததில்லை. ஆகவே மாத்திரையை எச்சரிக்கை ஒன்றனாலேயே தள்ளவேண்டியதில்லை என்றார். ஆனால் அமித்ராஸ் என்னும் குளியல் மருந்தை அவரே தள்ளினார். அது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும், பிரெட்னிசலோனும் உயர்த்தும், இரண்டையும் சேர்த்தல் தகாது என்பது காரணம்.

மூன்றாவது, மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தார். மாத்திரை இரத்தத்திற் கலந்திருப்பது. உண்ணி கடித்து இரத்தம் குடித்த பின்னரே மடியும். எர்லிக்கியாவோ உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திற்குள்ளேயே நாயின் உடலிற் புகக் கூடியது. நாள்தோறும் கையால் உண்ணி எடுத்தல் நல்லதேயாயினும் அதற்குள் காலம் கடந்திருக்கலாம். புளுமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை தோலிலும் மயிரிலும் பரவி நிற்பதால், உண்ணி கடிக்குமுன்னரே பெரும்பாலும் விலகும் அல்லது மடியும். அது ஏழெட்டு மாதம் நிற்கும். தோலிற் சிவப்போ புண்ணோ உண்டாகலாம் என்பது அதன் குறை.

நான்காவது, தவறினால் திரும்ப வழியுண்டா என்று பார்த்தார். இதுவே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுத்தல் இயலாது; சில வகை பன்னிரண்டு வாரம் உடலில் நிற்கும். பட்டையையோ அன்றைக்கே கழற்றலாம். உடல் எதை எப்போது பகைக்கும் என்று முன்னறிய முடியாத நோயாளிக்கு, திரும்பும் வழியுள்ள மருந்தே முதலில் தேடத்தக்கது.

ஐந்தாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும் என்றார். பட்டை கட்டும் நாளில் தடுப்பூசி கூடாது. பிரெட்னிசலோன் அளவைக் குறைக்கும் வாரமும் கூடாது. கட்டுமுன் ஒருமுறை, இரு வாரம் கழித்து ஒருமுறை தட்டணு எண்ணவேண்டும். அப்பொழுதுதான் ஏதேனும் நேர்ந்தால் எதனால் நேர்ந்தது என்று அறியலாம்; அறியாதவர்க்கு எஞ்சுவது இட்லித் துண்டின் துயரமே.

இவற்றோடு தொழுவையும் கவனித்தோம். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பும் சிமெண்டும் கொண்டு பூசினோம். பழைய சாக்குகளை எரித்தோம். மருத்துவர் சொன்ன மருந்தைச் செவலையையும் மாடுகளையும் வெளியே கட்டிவிட்டு, இரு வாரத்திற்கு ஒருமுறையாகச் சுவரில் தெளித்தோம். தாத்தா இப்பொழுதும் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வருவார். அவர் மனம் நோகாதிருக்க மாட்டின் கொம்பிற் பூசிக்கொள்ளுகிறோம்.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை பட்டை வந்து சேர்ந்தது. யான் கட்டப் போனேன். அம்மா, "கொடு" என்று கையை நீட்டினாள். முதல்நாள் மருத்துவரிடம் அவள் கேட்டது ஒன்றே: "இதனாலே ஏதாவது வந்தால்?" "கழற்றிவிடலாம், அம்மா. அன்றைக்கே கழற்றலாம்" என்று அவர் சொல்லியிருந்தார். அவள் செவலையைத் தன் முழங்காலருகே நிறுத்தி, பட்டைக்கும் கழுத்திற்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, மெல்லப் பூட்டினாள். பிறகு அவள் வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தாள். இரு வாரம் சென்று எண்ணியபோது தட்டணுக்கள் குறையவில்லை.

அவ்வாண்டு ஆவணியில் பிரெட்னிசலோன் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதன்பின் நோய் திரும்பவில்லை. இனியும் திரும்பாது என்று சொல்ல யாராலும் இயலாது. அந்த முதல் மாத்திரையால் நோய் வந்ததா என்பதற்கு இன்றளவும் விடையில்லை. விடையின்றியே நாங்கள் வாழப் பழகிக்கொண்டோம். பட்டை மாற்றும் காலந்தோறும் அதே ஐந்து கேள்விகளைப் புதிதாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். சென்ற முறை சரியாயிருந்தது என்பதனாலேயே இம்முறையும் சரியென்று கொள்ளுவதில்லை.

நண்பர்களே, கொடுத்தலும் ஒரு செயல்; கொடாமையும் ஒரு செயல். இரண்டிற்கும் நாமே பொறுப்பாளிகள். நோயாளி வாய் பேசாதாயின், நம் அச்சம் அதன் குரலாய் நின்று பேசத் தொடங்கிவிடுகின்றது. அக்குரலை அதன் குரலென்று மயங்காதிருப்பதே அருகிருப்பவனின் முதற் கடன் என்று எனக்குத் தோன்றுகின்றது. அதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. நாள்தோறும் பார்க்கும் கண் வேண்டும்.

அம்மா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மருத்துவர் சொன்ன நாள்முதல் ஒரு நோட்டுப்புத்தகம் எழுதி வருகிறாள். சென்ற விடுமுறையில் அதைப் புரட்டினேன். தேதி, ஈறு, உண்ணி என்று மூன்று கட்டங்கள் கோடிட்டிருந்தாள். யான் ஊர் சேர்ந்த அன்றைய வரியில், ஈறு என்பதன்கீழ் "நல்ல நிறம்" என்றும், உண்ணி என்பதன்கீழ் "இல்லை" என்றும், கட்டத்திற்கு வெளியே சிறிய எழுத்தில் "வாசல் வரை ஓடினாள்" என்றும் எழுதியிருந்தது.